அம்மைப்பால் வந்த வழி

நாம் படித்த வரலாற்றுப் புத்தகங்களில் போர்கள் உண்டு, பட்டாபிஷேகங்கள் உண்டு, எந்த மன்னன் எந்த ஆண்டில் எந்தக் கோட்டையைப் பிடித்தான் என்ற கணக்கும் உண்டு. ஓர் ஊரில் பிறந்த பிள்ளைகளுள் எத்தனை பேர் ஐந்து வயதைக் கண்டனர் என்ற கணக்கை மட்டும் அந்நூல்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. கோட்டைகளை இழந்தவர் மன்னர். பிள்ளைகளை இழந்தவர் நம் பாட்டிமார். மன்னரின் இழப்பைப் புலவர் பாடினர். பாட்டிமாரின் இழப்பை எழுதி வைக்க ஏடு இல்லை. அதனால் அது மறந்தும் போயிற்று.

மறந்துபோன அவ்வரலாற்றின் அடையாளம் ஒன்று இன்றும் நம்மிடையே இருக்கிறது. பெரம்பலூர் மாவட்டத்தில் பச்சைமலையை அண்டியுள்ள பூலாம்பாடியிலாயினும், வெள்ளாற்றங்கரையில் உள்ள லெப்பைக்குடிக்காட்டிலாயினும், ஐம்பது வயதைக் கடந்த பெரியவர்களின் மேற்கையை நோக்கினால் வட்டமாக, சற்றுக் குழிந்த தழும்பைக் காணலாம். ‘அம்மை குத்திய தழும்பு’ என்பர். இன்றைய பிள்ளைகளின் கையில் உள்ள சிறு வடு காசநோய்த் தடுப்பூசியால் வந்தது, அது வேறு. பெரியவர்களின் கையில் உள்ள தழும்பு இளைஞர்களின் கையில் இல்லை. காரணம், எந்த நோயைத் தடுக்க அத்தழும்பு இடப்பட்டதோ அந்த நோயே இன்று உலகில் இல்லை.

அத்தழும்பு நம் ஊர்களுக்கு எவ்வழியே வந்தது, அதன் பயணத்தில் முஸ்லிம் உலகின் பங்கு யாது, அதை நம் மக்கள் ஏன் அஞ்சினர், அந்த அச்சம் இன்று வேறு உருவில் நம் வீடுகளில் நடமாடுவது ஏன் என்பவற்றை இக்கட்டுரையில் நோக்குவோம்.

நோயும் அதனைப் பகுத்தறிந்த பேரறிஞரும்

பெரியம்மையை நம் முன்னோர் வைசூரி என்றனர். அதன் பெயரை உரக்கச் சொல்லவும் அஞ்சினர். அது வந்த வீட்டில் வேப்பிலை கட்டினர். அயலார் அவ்வீட்டில் காலடி வைக்கவில்லை. நோயுற்றோருள் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பது பேர் மாண்டனர். பிழைத்தவர்களுக்கு முகமெல்லாம் வடு. பலருக்குக் கண் பார்வை போயிற்று. தட்டம்மை, சின்னம்மை, பொன்னுக்கு வீங்கி, கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான், இளம்பிள்ளை வாதம் என்று பிள்ளைகளைக் குறிவைத்த நோய்கள் வேறு வரிசையாக இருந்தன. ஐந்து பிள்ளைகளைப் பெற்று இரண்டைப் புதைத்த தாயை அக்காலத்தில் எவரும் வியப்போடு பார்த்ததில்லை. அது வழக்கமாயிருந்தது.

இந்நோய்களை ஒன்றோடொன்று குழப்பாமல் பிரித்தறிந்தாலன்றித் தடுப்பதற்கு வழியில்லை. அப்பணியில் முதற்பெயராக உலக மருத்துவ வரலாறு குறிப்பது அபூபக்ர் முஹம்மது இப்னு ஜக்கரிய்யா அர்-ராஸீ அவர்களையே ஆகும். இன்றைய தெஹ்ரானை அடுத்த ரை நகரில் 9ஆம் நூற்றாண்டில் தோன்றி, ரையிலும் பக்தாதிலும் மருத்துவமனைகளுக்குத் தலைமை தாங்கிய அவர், பெரியம்மையையும் தட்டம்மையையும் பற்றித் தனி நூல் ஒன்று யாத்தார். முதுகுவலி மிகுதியாயிருப்பின் பெரியம்மை என்றும், குமட்டலும் மனத் தவிப்பும் மிகுந்திருப்பின் தட்டம்மை என்றும் நோயாளியின் படுக்கையருகே இருந்து கண்டறிந்து எழுதினார். நோய்க்கு அவர் கற்பித்த காரணம் பிற்காலத்தில் தவறெனத் தெரிந்தது. இரத்தம் நொதிப்பதால் அம்மை தோன்றுகிறது என்று அவர் கருதினார். எனினும் அவர் கண்ணால் கண்டு பதிந்த குறிகள் பொய்க்கவில்லை. லத்தீனிலும் பிற ஐரோப்பிய மொழிகளிலும் பெயர்க்கப்பட்ட அந்நூல் 1848இலும் ஆங்கிலத்தில் புதிதாக மொழிபெயர்க்கப்பட்டது என்றால், ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின்னும் மருத்துவர்கள் அதைத் தேடினர் என்பது விளங்கும்.

துருக்கியிலிருந்து இங்கிலாந்துக்கு

ஒருமுறை பெரியம்மை வந்து பிழைத்தவரை அது மறுமுறை தீண்டாது என்பதை மக்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தனர். அந்த அறிவிலிருந்து ஒரு வழக்கம் பிறந்தது. இலேசாக நோய் கண்டவரின் கொப்புளத்திலிருந்து சிறிது சீழை எடுத்து, நலமாயுள்ள குழந்தையின் தோலைக் கீறி அதில் வைப்பர். குழந்தைக்கு இலேசான அம்மை வந்து போகும். சில குழந்தைகள் இறந்ததும் உண்டு. ஆனால் தானாக வரும் நோயால் இறந்தோரை நோக்க அவர்கள் தொகை மிகக் குறைவு. வங்காளத்தில் இவ்வழக்கம் ‘டீக்கா’ எனப்பட்டது. உதுமானியத் துருக்கியிலும் இது பரவியிருந்தது.

துருக்கியில் ஆங்கிலத் தூதராயிருந்தவரின் மனைவி மேரி மாண்டகு அம்மையார் 1717இல் எடிர்னே நகரில் இதனைக் கண்டார். ஊர்ப் பெண்கள் கூடியிருக்க, முதிய பெண்ணொருத்தி கொட்டை ஓட்டில் அம்மைச் சீழைக் கொண்டுவந்து பிள்ளைகளுக்கு இடுவதை அவர் தம் நாட்டிலிருந்த தோழிக்குக் கடிதத்தில் விவரித்தார். அவரும் பெரியம்மையால் அழகு குலைந்தவர். உடன்பிறந்தானை அந்நோய்க்குப் பறிகொடுத்தவர். 1718இல் தம் மகனுக்குத் துருக்கியிலேயே அம்மை குத்துவித்தார். 1721இல் இலண்டனில் தம் மகளுக்கும் மருத்துவர்கள் பார்த்திருக்கக் குத்துவித்தார். இங்கிலாந்து அம்முறையை ஏற்றது. ஏட்டுக் கல்வி அறியாத துருக்கிக் கிழவிகளிடமிருந்து ஐரோப்பா கற்ற பாடம் அது.

அந்தப் பாடத்தின் அடுத்த படியே எட்வர்டு ஜென்னரின் கண்டுபிடிப்பு. பால் கறக்கும் பெண்களுக்கு மாட்டம்மை வந்தால் பெரியம்மை வருவதில்லை என்று நாட்டுப்புறத்தார் பேசிக்கொண்டதை அவர் சோதித்துப் பார்த்தார். 1796 மே 14ஆம் நாள் பால்காரப் பெண்ணொருத்தியின் கைக்கொப்புளத்திலிருந்து எடுத்த நீரை ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்ற எட்டு வயதுச் சிறுவனுக்கு இட்டார். பின்னர் அவனுக்குப் பெரியம்மைச் சீழையே இட்டும் நோய் வரவில்லை. மாட்டம்மைக் கிருமி பெரியம்மைக் கிருமியின் நெருங்கிய உறவு. எனினும் மனிதனைக் கொல்லும் வலிமை அதற்கில்லை. எளியவனோடு மல்லுக்கட்டிப் பழகிய உடல், வலியவன் வந்தபோது அவன் பிடியை முன்பே அறிந்திருந்தது. தடுப்பூசிகள் யாவற்றுக்கும் அடிப்படை இதுவே ஆகும்.

பக்தாது, பஸரா, பம்பாய்

ஜென்னரின் ‘அம்மைப்பாலை’ இந்தியாவுக்குக் கொண்டுவருவது எளிதாயில்லை. நன்னம்பிக்கை முனையைச் சுற்றிக் கப்பலில் வந்த அம்மைப்பால் பன்மாத வெப்பத்தில் கெட்டது. கடல்வழி தோற்றபின் தரைவழி துணை நின்றது. வியன்னாவிலிருந்த டி கார்ரோ என்ற மருத்துவர் அம்மைப்பாலில் நனைத்த பஞ்சைக் கண்ணாடித் தகடுகளுக்கிடையே வைத்து, மெழுகில் தோய்த்து மூடி, கான்ஸ்டாண்டிநோபிள் வழியே பக்தாதுக்கு அனுப்பினார். 1802இல் அது பக்தாதை அடைந்தபோதும் ஈரம் உலரவில்லை. அங்கே குழந்தைகளுக்கு இடப்பட்டு, கையிலிருந்து கைக்கு மாறிப் பஸராவை அடைந்தது. பஸராவிலிருந்து கப்பலேறிப் பம்பாய் வந்தது.

1802 ஜூன் 14ஆம் நாள் பம்பாயில் அன்னா டஸ்ட்ஹால் என்ற மூன்று வயதுச் சிறுமிக்கு அது இடப்பட்டது. இந்திய மண்ணில் தடுப்பூசி பலித்த முதற் குழந்தை அவளே. அவள் கையில் எழுந்த கொப்புளத்திலிருந்து எடுத்த நீரே மற்றப் பிள்ளைகளுக்குச் சென்று, அவ்வாண்டிலேயே சென்னைக்கும் வந்தது. ராஸீ மருத்துவம் பார்த்த அதே பக்தாது வழியாகவே ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின் அம்மைப்பால் நம் நாட்டுக்கு வந்தது என்பது எண்ணி மகிழத்தக்க செய்தி. தடுப்பூசியை ‘வெள்ளைக்காரன் கொண்டுவந்த சரக்கு’ என்று சொல்வோர் இவ்வழியை ஒருமுறை நினைத்துப் பார்ப்பது நன்று.

அஞ்சியதற்கும் காரணம் உண்டு

கருநாடக நவாபின் ஆட்சிப் பொறுப்பைக் கிழக்கிந்தியக் கம்பெனி கைப்பற்றிக்கொண்டது 1801இல். பூலாம்பாடி உள்ளிட்ட திருச்சிராப்பள்ளிச் சீமையும் அவ்வாறே கம்பெனியின் கைக்குப் போயிற்று. அடுத்த ஆண்டே அம்மை குத்தும் முறை வந்தது. நேற்று நாட்டைப் பிடித்தவன் இன்று பிள்ளையின் கையைப் பிடிக்கிறான் என்றால் மக்கள் என்ன நினைத்திருப்பர்? வரி விதிக்க அடையாளமிடுகிறான் என்பார் சிலர். மதம் மாற்றக் குறியிடுகிறான் என்பார் சிலர். அம்மை குத்த வருகிறார்கள் என்ற செய்தி கேட்டதும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சோளக்கொல்லையில் ஒளிந்த கதைகள் தமிழகத்துச் சிற்றூர்களில் ஏராளம்.

அவ்வச்சத்தை அறியாமை என்ற ஒரே சொல்லால் ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. காரணங்கள் இருந்தன. அன்று அம்மைப்பால் புட்டியில் வரவில்லை. ஒரு குழந்தையின் கைக்கொப்புளத்திலிருந்து எடுத்து மற்றொரு குழந்தைக்கு இட்டனர். முன்பின் அறியாத பிள்ளையின் உடல்நீரைத் தம் பிள்ளையின் உடலில் செலுத்த எந்தத் தாய் எளிதில் இசைவாள்? அவ்வாறு கைமாறுகையில் வேறு நோய்கள் தொற்றியதும் உண்டு. நம் நாட்டுக் கோடையில் அம்மைப்பால் வலுவிழந்தது. குத்தியும் பலிக்காமற் போனது. குத்திய பிள்ளைக்கே பின்னர் வைசூரி வந்தால் ஊர் முழுவதும் நம்பிக்கை இழந்தது. ஒருமுறை குத்தினால் ஆயுள் முழுவதும் போதும் என்று தொடக்கத்தில் மருத்துவர்களே தவறாக நம்பினர். சில ஆண்டுகளுக்குப் பின் மறுபடியும் குத்தவேண்டும் என்பது பின்னரே தெளிவாயிற்று.

இத்தனைக்கும் மேலாக, அம்மை குத்துபவர் அரசாங்கத்தின் ஆளாகவே வந்தார்; ஊரின் உறவாக வரவில்லை. 1880இல் பிறந்த தடுப்பூசிச் சட்டம் நகரங்கள் சிலவற்றில் அதனைக் கட்டாயமாக்கிற்று. சட்டத்தால் கையை நீட்டச் செய்யலாம். மனத்தை நீட்டச் செய்ய இயலுமோ?

கிண்டியும் தண்டையார்பேட்டையும்

மாற்றம் அறிவாலும் உழைப்பாலுமே வந்தது. சென்னை கிண்டியில் 1899இல் அம்மைப்பால் தயாரிக்கும் நிலையம் தொடங்கப்பட்டது. சுகாதார ஆணையராயிருந்த கிங் என்பாரின் பெயரால் அது கிங் நிறுவனம் எனப் பெயர் பெற்று 1905இல் விரிவடைந்தது. குழந்தையின் கையிலிருந்து எடுப்பதை விடுத்துக் கன்றுகளின் தோலில் அம்மைப்பாலை வளர்த்தெடுக்கும் முறை வேரூன்றியது. பிற பிள்ளையின் நோய் தம் பிள்ளைக்குத் தொற்றுமோ என்ற தாயின் அச்சம் நியாயமானது. அதற்கு விடை கிடைத்தது. 1950களில் வெப்பத்தைத் தாங்கும் உலர்நிலைத் தடுப்பு மருந்து உருவாயிற்று. இந்தியாவில் அதனைத் தயாரித்த நான்கு நிலையங்களுள் கிண்டியும் ஒன்று. கோடை பற்றிய குறைக்கும் விடை கிடைத்தது.

கடல் கடந்து பிழைக்கச் சென்ற நம்மவர்களுக்கும் அத்தழும்பு நன்கு அறிமுகமாயிருந்தது. நாகப்பட்டினத்தில் மலாயாவுக்குக் கப்பலேறியவர்களும், ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட பெரியவர்களும் அம்மை குத்திய சான்றிதழைக் கையோடு கொண்டு சென்றனர். பினாங்கில் கடை வைக்கவும் மக்காவில் தவாஃப் செய்யவும் தடுப்பூசி தேவை என்று ஏற்றுக்கொண்ட கை, தன் வீட்டுத் தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கு அது தேவையா என்று மட்டும் தயங்கிற்று.

தடுப்பூசி உண்மையில் காக்கிறதா என்று கேட்போருக்கு, சென்னை தண்டையார்பேட்டைத் தொற்றுநோய் மருத்துவமனையில் டாக்டர் ஏ.ஆர். ராவ் தொகுத்த கணக்கு விடையளிக்கும். 1960களில் பெரியம்மையோடு வந்த 6,942 நோயாளிகளை அவர் ஆராய்ந்தார். தடுப்பூசி போடாதோர் 3,544 பேர். அவர்களுள் நூற்றுக்கு 35.5 பேர் இறந்தனர். எப்போதேனும் தடுப்பூசி போட்டுக்கொண்டோர் 3,398 பேர். அவர்களுள் இறந்தோர் நூற்றுக்கு 6.3 பேர். நோய் வந்துவிட்ட பின்னருங்கூடப் பழைய தழும்பு உயிரைக் காத்தது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. நோயே வராமல் தப்பியோர் இக்கணக்கில் இல்லை, அவர்கள் மருத்துவமனைக்கு வரவில்லை, வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தனர்.

இந்திய அரசு 1962இல் பெரியம்மை ஒழிப்புத் திட்டத்தைத் தொடங்கியது. எல்லோருக்கும் குத்துவதோடு நில்லாமல், நோய் கண்ட வீட்டை உடனே கண்டுபிடித்து அதனைச் சுற்றியுள்ளோருக்கு விரைந்து குத்தி நோயை அங்கேயே முடக்கும் முறையைத் தமிழகம் 1960களின் பிற்பகுதியிலேயே கையாண்டு காட்டியது. இந்தியாவிலும் இம்முறை பலிக்கும் என்பதற்கு அது சான்றாயிற்று. 1975 மே மாதத்திற்குப் பின் இந்தியாவில் பெரியம்மை நோயாளி ஒருவரும் காணப்படவில்லை.

கடைசி நோயாளி

இவ்வரலாற்றின் முடிவும் முஸ்லிம் வீடுகளிலேயே நிகழ்ந்தது. கொடிய வகைப் பெரியம்மை இயற்கையாகத் தொற்றிய கடைசிக் குழந்தை வங்காளதேசத்தின் போலா தீவைச் சேர்ந்த ரஹீமா பானு. 1975 அக்டோபரில் அக்குழந்தைக்கு நோய் கண்டது. அதிகாரிகளுக்குச் செய்தி சொல்லிப் பரிசு பெற்றவள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. குழந்தை பிழைத்தது, சுற்றியிருந்தோருக்கெல்லாம் ஊசி போடப்பட்டது, நோய் மேலும் செல்ல வழியின்றி அங்கேயே மாண்டது.

சற்று வலிமை குறைந்த வகை சோமாலியாவில் எஞ்சியிருந்தது. அங்கு மெர்கா நகரில் அலி மாவ் மாலின் என்ற இளைஞர் மருத்துவமனையில் சமையற்காரராயிருந்தார். 1977 அக்டோபரில் பெரியம்மை கண்ட இரு பிள்ளைகளை ஏற்றி வந்த வண்டிக்கு வழிகாட்ட அவர் ஏறிச் சென்றார். சில நிமிடப் பயணமே. அதற்குள் நோய் அவரைத் தொற்றிக்கொண்டது. அவர் முன்பு அம்மை ஒழிப்புப் பணியிலும் சில காலம் இருந்தவர். எனினும் ஊசி வலிக்குமே என்று அஞ்சித் தாம் மட்டும் போட்டுக்கொள்ளாமல் தப்பித்து வந்தவர். அல்லாஹ்வின் அருளால் பிழைத்தெழுந்தார். உலகில் இயற்கையாகப் பெரியம்மை கண்ட கடைசி மனிதர் அவரே. 1980 மே மாதத்தில் உலக சுகாதார மன்றம் அந்நோய் ஒழிந்ததென அறிவித்தது.

மாலினின் கதை அத்தோடு முடியவில்லை. தம் நாட்டில் பெரியம்மைக்குக் கடைசி ஆளாக இருந்த தாம், இளம்பிள்ளை வாதத்தை ஒழிப்பதில் கடைசியில் நிற்கக் கூடாது என்று உறுதி கொண்டார். சொட்டு மருந்தை மறுத்த தாய்மாரிடம் சென்று, அன்று தாம் ஊசிக்கு அஞ்சி ஒளிந்ததையும் அதற்குப் பட்ட துன்பத்தையும் தம் வாயாலேயே எடுத்துச் சொன்னார். அதிகாரியின் ஆணைக்கு மசியாத பலர் அவருடைய சொல்லுக்கு மசிந்தனர். 2013இல் மீண்டும் தலைதூக்கிய இளம்பிள்ளை வாதத்தைத் தடுக்கும் பணியில் இருந்தபோதே மலேரியாக் காய்ச்சலால் மறைந்தார். ஒரு மனிதன் தன் அச்சத்தையே பிறருக்கு மருந்தாக்கிய வரலாறு இது.

இளம்பிள்ளை வாதமும் நம் சமுதாயமும்

இளம்பிள்ளை வாதக் கிருமி அசுத்த நீர் வழியே குடலை அடைகிறது. தொற்றிய பிள்ளைகளுள் பெரும்பாலோருக்கு ஒன்றும் நேராது. ஏறத்தாழ 200 பேருள் ஒருவருக்குக் கைகால் நிலையாக முடமாகும். கிருமியைச் சுமக்கும் மற்றவர் நலமாயிருப்பதால் ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று தாய் அறிவதில்லை. இதன் சொட்டு மருந்தை 1967இலேயே நம் குன்னூர்ப் பாஸ்டர் நிறுவனம் தயாரித்தது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ஜேக்கப் ஜான், ஒரே நாளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சொட்டு மருந்து கொடுக்கும் முறைக்காக வாதாடினார். 1995 டிசம்பரில் அம்முறை நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது.

ஆயினும் வட இந்தியாவில், சிறப்பாக உத்தரப்பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில், நோய் அடங்கவில்லை. பாதிக்கப்பட்டோருள் முஸ்லிம் பிள்ளைகள் மிகுதி. சொட்டு மருந்து பிள்ளைப்பேற்றை அழிக்கும் என்ற வதந்தி வீடு வீடாகச் சென்றது. அவ்வதந்திக்கு வேர் இருந்தது. 1975 முதல் 1977 வரை நிலவிய நெருக்கடி நிலையின்போது ஏழைகளைக் கட்டாயப்படுத்தி அறுவை செய்ததை அம்மாவட்ட மக்கள் மறக்கவில்லை. வேறு நலன்களுக்கு வீட்டு வாசலை மிதிக்காத அரசு, சொட்டு மருந்துக்கு மட்டும் மாதந்தோறும் வருவானேன் என்று ஐயுற்றனர்.

அவ்வையத்தைத் தீர்த்தது யார்? அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமிஆ மில்லியா போன்ற நம் கல்விக்கூடங்கள் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியத்தோடு கைகோத்தன. ஆலிம்கள் தம் கையாலேயே பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து புகட்டினர். பள்ளிவாசல் ஒலிபெருக்கிகள் சொட்டு மருந்து நாளை அறிவித்தன. அந்தந்தத் தெருவின் பெண்களே பணியாளராக வாசற்படி ஏறினர். அதற்குமுன் அரசு அனுப்பிய ஆள் வந்தார். இப்போது அறிந்த முகம் வந்தது. 2009இல் நாட்டில் 741 பிள்ளைகளுக்கு வந்த நோய் 2010இல் 42 ஆயிற்று. 2011இல் ஒன்றே ஒன்று. 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹௌராவில் இரண்டு வயதுப் பெண் குழந்தைக்கு வந்ததே கடைசி. 2014 மார்ச் 27ஆம் நாள் இந்தியா இளம்பிள்ளை வாதமற்ற நாடெனச் சான்று பெற்றது.

இதற்கு மாறான நிகழ்ச்சியையும் மறைக்க வேண்டியதில்லை. 2011இல் பாகிஸ்தானின் அபோட்டாபாதில் அமெரிக்க உளவுத்துறை, தடுப்பூசி முகாம் என்ற போர்வையில் ஒரு மருத்துவரைக் கொண்டு உளவறிய முயன்றது வெளிப்பட்டது. அதன்பின் ஊசி போட வந்த பெண்கள் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். உளவறிந்தவன் வேறு, உயிரிழந்தவள் வேறு, முடமான பிள்ளையோ இரண்டையும் அறியாதது. இயற்கையான இளம்பிள்ளை வாதக் கிருமி இன்றும் வேரோடி நிற்பது பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் மட்டுமே என்பது நம் நெஞ்சைச் சுடவேண்டிய செய்தி.

தமிழகத்தின் இன்றைய நிலை

தமிழகம் இத்துறையில் முன்னணி மாநிலங்களுள் ஒன்று என்பது பெருமைக்குரியது. பிறந்தவுடன் காசநோய், மஞ்சள் காமாலைத் தடுப்பூசிகளும் இளம்பிள்ளை வாதச் சொட்டு மருந்தும், 6, 10, 14ஆம் வாரங்களில் தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி முதலியவற்றுக்கான ஐவகை ஊசியும், ஒன்பதாம் மாதம் முடிந்ததும் தட்டம்மை – ரூபெல்லா ஊசியும் கட்டணமின்றி இடப்படுகின்றன. புதன்கிழமை என்றால் தடுப்பூசி நாள் என்று சிற்றூர்த் தாய்மாரும் அறிவர்.

எனினும் அசைவு ஏற்படாமல் இல்லை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தது தமிழகத்தை உலுக்கியது. அதன்பின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் மருத்துவர் மேற்பார்வையில் ஊசி போடும் முறை வலியுறுத்தப்பட்டது. அத்தாய்மாரின் துயரத்தைச் சிறிதாக்கிப் பேசுவது அறமன்று. தவறு நேர்ந்தால் ஆராய்ந்து திருத்துவது அரசின் கடமை. கேள்வி கேட்பது பெற்றோரின் உரிமை. ஆனால், கேள்வி வேறு, புரளி வேறு. 2017 பிப்ரவரியில் தட்டம்மை – ரூபெல்லா ஊசி முகாம் தொடங்கியபோது, கைப்பேசிகளில் பரவிய பெயரற்ற செய்திகளை நம்பிப் பல பெற்றோர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தனர். முகாமின் காலத்தையே நீட்டிக்க நேர்ந்தது.

மறுப்பின் விலை யாது என்பதைப் பிற மாநிலங்கள் காட்டின. கல்வியிலும் செல்வத்திலும் உயர்ந்த கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், மறைந்துவிட்டதாகக் கருதப்பட்ட தொண்டை அடைப்பான் 2015, 2016ஆம் ஆண்டுகளில் திரும்பி வந்து பிள்ளைகளின் உயிரைக் குடித்தது. 2022இல் மும்பையில் முஸ்லிம்கள் நெருங்கி வாழும் கோவண்டி உள்ளிட்ட பகுதிகளில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தனர். தட்டம்மையைச் சிலர் விளையாட்டு நோய் என்று எண்ணுகின்றனர். நோயெதிர்ப்பு அறியாத கூட்டத்தில் தட்டம்மை கண்ட ஒரு பிள்ளை 12 முதல் 18 பேருக்கு அதைப் பரப்பும். முன்பு கண்ட நோய்களை நினைவு வைத்திருக்கும் உடலின் ஆற்றலையே அது அழித்துவிடுகிறது. அதனால் தட்டம்மை தணிந்த பின்னரும் நிமோனியாவும் பேதியும் வந்து பிள்ளையை வீழ்த்துகின்றன. நூற்றுக்கு 95 பேருக்கு ஊசி போட்டாலன்றி அந்நோய் நிற்பதில்லை. ஆகவே, என் பிள்ளைக்கு வேண்டாம் என்று ஒருவர் சொல்லும் சொல் அவர் வீட்டோடு நிற்பதன்று. ஊசி போடும் வயதை எட்டாத அடுத்த வீட்டுக் கைக்குழந்தையின் தலையிலும் அது விழுகிறது.

மார்க்கம் காட்டும் வழி

இறைவன் விதித்தது நடக்கும், ஊசி எதற்கு என்பாரும் நம்மிடையே உளர். ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குச் சென்றபோது அங்குக் கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து படையோடு திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதிக்கே செல்வதாக விடையளித்தார்கள் என்பதை நாம் சிறு வயது முதலே கேட்டு வருகிறோம். நோய் பரவிய ஊருக்குள் செல்லவும் அங்கிருந்து வெளியேறவும் வேண்டாமென்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் கட்டளையும், ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மீது பொறுப்புச் சாட்டுமாறு அவர்கள் கூறிய அறிவுரையும் இதனையே உணர்த்துவன. தவக்குல் என்பது கயிற்றை அவிழ்த்துவிட்டு வானத்தை நோக்குவதன்று.

மருந்தில் கலந்துள்ள பொருள் ஆகுமானதா என்று கேட்பது தகும். அக்கேள்விக்கு விடையளிக்கவே அல்-அஸ்ஹர் முதலிய நிறுவனங்களும் பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமியும் ஒன்றுகூடி இளம்பிள்ளை வாத ஒழிப்புக்கென ஆலோசனைக் குழு அமைத்துத் தடுப்பு மருந்தை ஆதரித்துள்ளன. ஹஜ்ஜுக்குச் செல்லும் இந்தியப் பயணிகளுக்கு மூளைக்காய்ச்சல் ஊசியும் இளம்பிள்ளை வாதச் சொட்டு மருந்தும் கொடுத்தே அனுப்புகின்றனர். புனிதப் பயணத்துக்கு ஆகுமானது தொட்டில் பிள்ளைக்கு ஆகாமற் போகுமோ?

ஐயுறும் தாயை ஏசுவதால் பயனில்லை என்பதையே இவ்வரலாறு முழுவதும் உரைக்கிறது. சட்டம் தோற்ற இடத்தில் அறிந்த முகம் வென்றது. ஆதலின் ஜமாஅத்துகள் செய்யவேண்டியது சிறிதே. குத்பா மேடையில் ஆண்டுக்கு இருமுறை இதனை நினைவூட்டலாம். மதரஸாவில் சேரும் பிள்ளையின் தடுப்பூசி அட்டையை உஸ்தாது கேட்டுப் பார்க்கலாம். ஊரில் மருத்துவம் படித்த பெண்மக்கள் ஐயமுள்ள வீடுகளுக்குச் சென்று அமர்ந்து பேசலாம். பொருளீட்ட வெளிநாடு சென்ற தந்தையர் தொலைபேசியில் பள்ளிப் பாடத்தைப் பற்றி வினவும்போது, பிள்ளைக்கு அடுத்த ஊசி என்றைக்கு என்றும் ஒரு சொல் வினவலாம்.

ராஸீ முதல் மாலின் வரை நீண்ட இவ்வரலாற்றில் நம் சமுதாயத்தின் பெயர் நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. அதன் அடுத்த பக்கத்தை எழுதவேண்டியவர் பேரறிஞர் அல்லர். வரும் புதன்கிழமை காலையில் கைக்குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு நடக்கும் ஒரு தாயே ஆவாள்.